ஏழுமலை அண்ணன் வண்டிக்கு ரெகுலேட்டர் மாற்றிய பௌர்ணமி

மெக்கானிக் ஷெட்டை விட்டு நின்று வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் போன் நிற்பதில்லை. "அண்ணே, இந்த வண்டிக்கு ஒரிஜினல் ரெகுலேட்டர் வர்றதில்லயாம். வெளிக் கம்பெனி சாமான் போடலாமா? எத வாங்கறது?" என்று ஷெட்டில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் சேர்ந்து வருகிறது. பழைய வண்டிகளில் இருக்கும் சில ரப்பர்கள் அதைத் தாங்குவதில்லை. அதனால் இந்தக் கேள்வி முன்பைவிட ஜாஸ்தி. போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒருதரம் எழுதிவிடலாமே என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் ரெகுலேட்டரோடு பவானி அம்மாவும் ஏழுமலை அண்ணனும் ஒரு பௌர்ணமியும் கூடவே வருகிறார்கள். பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு வந்தபடியே எழுதுகிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு. கார்பரேட்டர் காலத்தில் தொழிலுக்கு வந்தேன். ஸ்பேனர் கழுவினேன், டயர் உருட்டினேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். எல்லோருக்கும் நடப்பதுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு இன்ஜெக்டர் வண்டிகள் வந்தன. கற்றதில் பாதியை மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அப்படித் தொடங்கிய புதிதில் ஒரு ரெகுலேட்டரை வாயால் இழுத்துச் சோதித்தேன். உள்ளே சவ்வு கிழிந்திருந்தது எனக்குத் தெரியாது. வாய் நிறைய பெட்ரோல். எங்கள் எலக்ட்ரீஷியன் பாஷா பக்கத்திலேயே இருந்தான். தண்ணீர் எடுத்து வர ஓடுவான் என்று பார்த்தால், "டேய் சேகரு, இன்னிக்கு முழுக்க பீடி புடிக்கறவன் பக்கத்துல போயிடாதடா" என்றான். அவன் அப்படித்தான்.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது என்பதை, தொழில் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால், சொல்லிவிடுகிறேன். டேங்கில் இருக்கும் மோட்டார் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது. இன்ஜின் மேல் ஒரு குழாய், அந்தக் குழாயில் இன்ஜெக்டர்கள். குழாய்க்குள் அழுத்தம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று காவல் நிற்பது ரெகுலேட்டர். அழுத்தம் ஏறினால் மிச்ச பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். அதன் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. சவ்வுக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். ஸ்பிரிங் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்ன மூக்கு. அந்த மூக்கிலிருந்து பொடி ஹோஸ் ஒன்று இன்ஜினுக்குப் போகும். வண்டி மெதுவாக ஓடும்போது இன்ஜின் அந்த ஹோஸ் வழியாகக் காற்றை இழுக்கும். சவ்வு தளர்ந்து கொடுக்கும், அழுத்தம் குறையும், பெட்ரோல் அளவாக இறங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுப்பு குறைந்து அழுத்தம் ஏறும். அவ்வளவுதான். மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஷெட் திண்டிவனம் சாலையில் இருக்கிறது. பவானி அம்மாவின் வீட்டுக்காரர் தொடங்கியது. அவர் காலமான பிறகு, ஷெட்டை விற்றுவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, அம்மா ஒரு காலையில் தானே வந்து ஷட்டரைத் தூக்கினார். "யாரு யாரு வேலைக்கு நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் எல்லோரும் நின்றோம்.

அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வண்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். பேச மாட்டார். நாம் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஸ்டூல் தரையில் உராயும் சத்தம் கேட்டால் பாஷாகூட வாயை மூடிக்கொள்வான். வண்டியை வெளியே விடுவதற்கு முன் அவருக்கு ஒரு சோதனை உண்டு. எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, ஓடுகிற இன்ஜின் மூடி மேல் வைப்பார். தண்ணீர் சிலுசிலுவென்று லேசாக அதிர்ந்தால் சரி. தளும்பிச் சிந்தினால் வண்டி போகாது. அழுத்தத்தை அளக்கிற கேஜ் என்ன காட்டினாலும் டம்ளர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

அம்மாவின் இன்னொரு வழக்கம், புதுச் சாமான் எதுவானாலும் முதலில் தாம்பாளத்தில் வைத்து அண்ணாமலையார் படத்தின் முன் வைக்க வேண்டும். அம்மா கையால் சந்தனம் குழைத்து, பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். பிறகுதான் வண்டியில் ஏறும். பிரேக் ஷூ, வாட்டர் பம்ப், பேரிங், எதற்கும் விதிவிலக்கு கிடையாது. பாஷாவின் ஹார்ன் ரிலேக்கும் உண்டு. "அம்மா வெச்ச பொட்டுல என்னோட ரிலேதான் என்ன விட பக்தியா வேலை செய்யுது" என்பான். எனக்கும் அந்த வழக்கம் பிடிக்கும். கையில் கிரீஸும் மனசில் சாமியும் ஒன்றாக இருக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

ஏழுமலை அண்ணன் கீழ்பென்னாத்தூர்க்காரர். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். அவர் மனைவி வசந்தா அண்ணிக்கு ஒரு சமயம் பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்து எழுந்து வந்தால், பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவதாக அண்ணன் வேண்டிக்கொண்டார். அண்ணி எழுந்து வந்தார். அன்றிலிருந்து அண்ணன் வண்டி ஓட்டுவார், அண்ணி கரண்டி பிடிப்பார். அதற்கென்றே ஒரு பழைய பெட்ரோல் வேன். முன்கண்ணாடிக்குக் கீழே அண்ணாமலையார் படம் ஒட்டியிருப்பார்கள். கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதே ஜனங்கள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, வண்டி நிற்கிற இடத்தில் எதிரேயே கற்பூரம் ஏற்றிவிடுவார்கள்.

கொரோனா வந்தது. கிரிவலத்துக்குத் தடை. வேன் தகரக் கொட்டகைக்குள் நின்றது. தடையை எடுத்து, முதல் பௌர்ணமி வருகிறது என்றதும் அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நேரே எங்கள் ஷெட்டுக்கு வந்தார்.

வண்டி வாசலில் நுழையும்போதே பெட்ரோல் நெடி. பின்னால் கறுப்புப் புகை. நான் பானெட்டைத் திறந்து, ரெகுலேட்டர் மூக்கிலிருந்து அந்தப் பொடி ஹோஸை உருவினேன். உள்ளே ஈரம். காற்று மட்டும் போக வேண்டிய வழியில் பெட்ரோல். சவ்வு கிழிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

"அண்ணே, இத இப்படியே எடுத்துக்கினு போனீங்கன்னா..."

"இன்னா ஆவும்?"

"முன்னால கற்பூரம் ஏத்துவாங்க இல்ல? வண்டியும் சேந்து எரியும்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு மெதுவாக, "சேகரு, சாமிக்கு ரெண்டு வருஷமா வாக்கு தவறிட்டேன். தடையால தவறிச்சி, அது வேற. இப்ப தடையும் இல்ல. இந்தப் பௌர்ணமிக்கு நான் போயாகணும்பா" என்றார்.

அந்த மாடல் வண்டியையே கம்பெனி நிறுத்திவிட்டது. ஒரிஜினல் ரெகுலேட்டர் எங்கும் இல்லை. வெளிச் சாமான்தான் போட வேண்டும். எதைப் போடுவது?

முதலில் அண்ணனே ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் மச்சான் மகன் பெங்களூரிலிருந்து அனுப்பியது. நீல நிறம், பளபளப்பு, தலையில் கடிகாரம் மாதிரி கேஜ். "பாரு, நகைக்கடையில வாங்கின மாதிரி கீது" என்றார். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாக ஓட்டுகிற கார்களுக்குச் செய்தது. அதன் ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்தினாலும் எங்கள் வேனுக்கு வேண்டிய மூன்று கிலோ அழுத்தத்துக்கு இறங்காது. அது இறங்குகிற கடைசிப் படியே நமக்கு மொட்டை மாடி. அடுத்தது, டவுனில் ஒரு கடையில் ஒரிஜினலைப் பார்த்து அச்சாகச் செய்தது கிடைத்தது. "இது எத்தனை கிலோவுக்கு திறக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கரெக்டா திறக்கும்" என்றார் கடைக்காரர். அட்டையிலும் எழுதவில்லை, அவருக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

ஷெட்டுப் பிள்ளைகள் போனில் கேட்கிற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வண்டிக்கு என்ன அழுத்தம் வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அளவு, ரெகுலேட்டர் திருகி வைக்கக்கூடிய அளவுகளுக்கு நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் தொங்கக் கூடாது. இன்ஜின் இழுப்புக்கு மூக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் திரும்புகிற வழி பழையதைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. ரப்பர் இன்றைய பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படி எல்லாம் பார்த்து, சென்னையில் ஒரு கடைக்காரரிடம் பேசி, திருகுகிற வகையில் ஒன்றைச் சொல்லி வைத்தேன். அம்மாவிடமும் அண்ணனிடமும், "இதுதான் சரி, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். அது பௌர்ணமியன்று காலையில்தான் பார்சலில் வந்தது.

அம்மா வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார். நான் வண்டிக்குப் போனேன். மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். குழாயில் இருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு அதுவாகவே நின்றது. அழுத்தம் போனால்தான் நட்டில் கை வைக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றினேன். மணல் வாளியைப் பக்கத்தில் வைத்தேன். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பிளேட் போட்டு மூடி, அதிலிருந்து ஹோஸ் எடுத்தேன். புதியது நிற்பதற்கு, சைலன்சர் சூடு படாத ஓரமாக ஒரு தகட்டை முடுக்கினேன். கிளிப் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சாதாரணக் கிளிப் ஹோஸைக் கடிக்கும். விளிம்பு மடங்கிய இன்ஜெக்ஷன் கிளிப்தான் போட வேண்டும்.

அம்மா பூஜை முடித்துக் கொடுத்தார். வெளியில் இருந்த பொட்டை நட்டு பிடிப்பதற்காகத் துடைத்துவிட்டு மாட்டினேன். ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். வயரை மாட்டி, ஃபியூஸைப் போட்டு, சாவியை மட்டும் திருப்பி எங்காவது கசிகிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். சுத்தம். இன்ஜினைக் கிளப்பினேன். பொடி ஹோஸை உருவி அதன் வாயை அடைத்து வைத்துக்கொண்டு, குழாயில் மாட்டிய கேஜைப் பார்த்தபடி ரெகுலேட்டரின் திருகாணியைத் திருகினேன். மூன்று கிலோ. லாக் நட்டை இறுக்கினேன். பெட்ரோல் நெடி இல்லை.

"எங்க மச்சான் பையனுது பளபளன்னு இருந்துது. ஆனா இது வேலை செய்யுதுப்பா!" என்றார் அண்ணன்.

அவசரப்பட்டுவிட்டார். பொடி ஹோஸை மூக்கில் மாட்டினேன். அழுத்தம் இரண்டரைக்கு இறங்க வேண்டும். முள் அசையவில்லை. மூன்று கிலோவிலேயே நின்றது. ஹோஸை உருவினேன், மாட்டினேன், மறுபடி உருவினேன். முள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஜின் திணறியது. பின்னால் லேசாகப் புகை. அம்மா டம்ளரை வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பி வழிந்தது.

ஸ்டூல் உராய்கிற சத்தம் கேட்டது.

ஹோஸின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். நன்றாக இழுக்கிறது. அப்படியானால் குறை ரெகுலேட்டரில். இழுப்புக்கு அசையாத வகையை வாங்கிவிட்டேனா? மூக்கு பேருக்குத்தானா? நான் பொறுப்பு என்று சொன்னவன் நான்தானே.

அந்த நேரம் பார்த்து வசந்தா அண்ணி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தக்காளி சாதம் அண்டா, ஊறுகாய் வாளி, தொன்னைக் கட்டு எல்லாம் கூடவே இறங்கின. "இன்னா தம்பி, ஆச்சா? ரோட்ட அடைக்கறதுக்குள்ள போவணும். போலீஸ்காரங்க இப்பவே கயிறு கட்டிக்கினு கீறாங்க."

"இல்ல அண்ணி. இன்னும் ஆவல."

"நெடிதான் போயிடுச்சே. இப்படியே உடக் கூடாதா?" என்றார் அண்ணன்.

அம்மா என்னைப் பார்த்தார். "உடலாமா சேகரு?"

விட்டுவிடலாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் வண்டி ஓடாது, ஊரும். ஊர்கிற நேரம் முழுக்கப் பெட்ரோல் மிஞ்சி இறங்கும். நடக்கிறவர்கள் முகத்தில் புகை கக்கி, நட்டநடுவில் நின்றுவிடும். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் வழிகூட இருக்காது. "வேணாம்மா" என்றேன்.

அண்ணி இடுப்பில் முந்தானையைச் செருகினார். "வண்டி வரலன்னா போவட்டும். நான் அண்டாவ தலையில தூக்கிக்கினு நடப்பேன்."

"ஆமா, டாக்டர் ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாதுன்னு சொன்ன ஆளு, அண்டாவ தூக்கப்போறா" என்று அண்ணன் சொன்னார். கிண்டலாகத்தான் சொன்னார். அவர் அண்ணாமலையார் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ரெகுலேட்டரைப் பார்த்தேன். அதன் மூச்சைச் சோதிக்கக் கையால் இழுக்கிற சின்ன பம்ப் ஒன்று உண்டு. எங்களுடையது ரிப்பேர். வாயால் இழுப்பதுதான் ஒரே வழி. நீங்கள் யாரும் செய்யாதீர்கள், பம்ப் வாங்கி வையுங்கள். நான் இன்ஜினை நிறுத்திவிட்டு, மூக்கைத் துணியால் துடைத்துவிட்டு, வாயை வைத்தேன்.

"டேய், அனுபவசாலி! போன தடவ ருசி மறந்துபோச்சா?" என்றான் பாஷா.

இழுத்தேன். வரவில்லை. சுவரை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். நாக்கு நுனியில் கசப்பாக எதுவோ பொடி ஒட்டியது. அதற்குப் பின்னாலேயே வாசனை. பெட்ரோல் இல்லை. சந்தனம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"இன்னாடா சிரிக்கற? பெட்ரோல் தலைக்கு ஏறிடுச்சா?"

"பெட்ரோல் இல்லடா பாஷா... சந்தனம்!"

சொன்ன பிறகுதான் அம்மா எதிரே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. பூஜையால் வண்டி நின்றது என்று சாமி படத்துக்கு முன்னால், அதுவும் அம்மாவிடம், எப்படிச் சொல்வேன்? இத்தனை வருஷம் பிரேக் ஷூவுக்கும் பேரிங்குக்கும் வைத்த பொட்டு எதையும் அடைத்ததில்லை, ஏனென்றால் அவற்றுக்கு மூக்கு இல்லை. இதற்கு இருந்தது. அம்மா பார்த்துப் பார்த்து, உச்சியில் தெரிந்த அந்த மூக்கு நுனியில் நிறையச் சந்தனம் வைத்திருக்கிறார். அது உள்ளே இறங்கிக் காய்ந்து கட்டியாகிவிட்டது.

அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "நான் வெச்சதுதானே?"

"இல்லமா, நான்தான் பாத்து..."

"நீ சும்மா இரு. மூக்குல அப்பினா சாமியே மூச்சு உடாது!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள். அவர் வீட்டுக்காரர் போன பிறகு அந்த ஷெட்டில் அம்மா அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. ஏழுமலை அண்ணன் சிரித்தார், அண்ணி சிரித்தார், விஷயம் முழுக்கப் புரியாமல் ஆட்டோக்காரரும் சிரித்தார்.

"எடு. கீழ போடாத" என்றார் அம்மா.

பாஷா உருவிக் கொடுத்த மெல்லிய செம்புக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். கம்ப்ரசர் காற்றை அடித்தால் சவ்வு போய்விடும், அதனால் கம்பியும் பொறுமையும்தான். வந்த சந்தனத்தை அம்மா சொன்னபடி உள்ளங்கையில் வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன். "கம்பிய குடுத்தது நானு. எனக்கு இல்லயா?" என்று பாஷா கையை நீட்டினான். அவன் மணிக்கட்டில் தடவினேன். மோந்து பார்த்து, "அத்தர விட நல்லா கீது" என்றான்.

ஹோஸை மாட்டி இன்ஜினைக் கிளப்பினேன். முள் இறங்கியது. இரண்டரை. ஆக்ஸிலரேட்டரைத் தட்டினேன், ஏறியது. விட்டேன், இறங்கியது. மூச்சு வந்துவிட்டது. அம்மா டம்ளரை நிரப்பி வைத்தார். தண்ணீர் மேலே சின்னச் சின்ன வளையம். ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, "கெளம்புங்க" என்றார். அண்டாவை நானும் பாஷாவும் ஏற்றினோம். கயிறு விழுவதற்கு முன் வண்டி உள்ளே போய்விட்டது.

அம்மா அதற்குப் பிறகு வழக்கத்தை விட்டுவிடவில்லை. நான் வேலையிலிருந்து நிற்கிற வரைக்கும் எல்லாச் சாமானுக்கும் பொட்டு உண்டு. ஆனால் சந்தனத்தைத் தொடுவதற்கு முன் விரலை நிறுத்திக்கொண்டு, "இதுக்கு மூக்கு எங்க கீது சேகரு?" என்று கேட்பார். நான் காட்டுவேன். அதற்கு எதிர்ப்பக்கம் வைப்பார்.

அன்று நானும் என் வீட்டுக்காரியும் கிரிவலம் போனோம். ரொம்ப நாள் கழித்து நடக்கிறோம். கால் தானாகப் போனது. நிலா மலைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டோம். வேன் ஓரமாக நின்றது. அண்ணன் தொன்னை எடுத்துக் கொடுக்க, அண்ணி கரண்டியால் வைத்துக்கொண்டே இருந்தார். வரிசை நீளமாக இருந்தது. வண்டிக்கு எதிரே யாரோ ஒரு அம்மா அண்ணாமலையார் படத்தைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினார்.

கும்பிட்ட கையோடு பானெட் பக்கம் போய்க் குனிந்தேன். கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்தேன். கற்பூரம். தக்காளி சாதம். என் நெற்றியிலிருந்து கொஞ்சம் சந்தனம். வேறு ஒன்றும் இல்லை.

"இன்னா தம்பி," அண்ணி கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார், "சாமி கும்புடறியா, வண்டிய மோந்து பாக்கறியா?"

"ரெண்டும்தான் அண்ணி" என்றேன். தொன்னை நிறைய வைத்தார்.